தொண்டையைப் புண்ணாக்காமல் கிரவுல், ஸ்க்ரீம் பழகுவது: யாழ்ப்பாணத்துப் பெடியளும் பெட்டையளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெத் மெட்டல், பிளாக் மெட்டல், மெட்டல்கோர் பாடல்களில் வரும் உறுமலையும் கீச்சலையும் பழக ஆசைப்பட்டு, குரல் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தப் பக்கம். யாழ்ப்பாணத்தில் வயலினுக்கோ மிருதங்கத்துக்கோ ஆசிரியர் தேடினால் பக்கத்து ஒழுங்கையிலேயே கிடைப்பார். இதற்கு அப்படி இல்லை. யூடியூப்பைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் பழகுகிறோம். அப்படித் தனியாகப் பழகுகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் பதில்கள் எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. வைத்தியரிடம் போக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

இப்படிப் பாடினால் தொண்டை பழுதாகும்தானே?

பிழையாகப் பாடினால் பழுதாகும். ஆனால் இந்தக் குரலே தொண்டையைக் கிழிப்பது என்றால், நேப்பாம் டெத் குழுவின் பார்னி கிரீன்வே 1989 முதலும், கனிபல் கோர்ப்ஸின் ஜோர்ஜ் ஃபிஷர் 1995 முதலும் மேடை மேடையாக ஏறிக்கொண்டிருக்க முடியாது.

தொண்டை எப்படிப் பழுதாகும் என்று பார்க்க மெட்டல் கச்சேரிக்குப் போகத் தேவையில்லை. மார்ச் மாதம் யாழ் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெருஞ்சமருக்குப் போனால் போதும். 1904இல் தொடங்கிய ஆட்டம். வெயிலில் நின்று நாள் முழுக்கக் கூவிய பெடியள் மறுநாள் வகுப்பில் வாய் திறந்தால் காற்றுத்தான் வரும். அவர்கள் யாரும் கிரவுல் பண்ணவில்லை, சாதாரணமாகக் கத்தினார்கள். குரல்நாண்கள் இரண்டையும் இறுக்கி மூடி, அடியிலிருந்து முழுப் பலத்தோடு காற்றைத் தள்ளி மணிக்கணக்காக மோதவிட்டார்கள். மெட்டல் பழகும்போது நீங்கள் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

அப்போ அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது?

நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, நம் குரலுக்குக் குரல்நாண்கள் அப்படி. காற்று போகும்போது அவை அதிர்கின்றன. பேசும்போது ஆண்களுக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 130 தடவையும், பெண்களுக்கு 200 தடவை அளவிலும் இந்த அதிர்வு நடக்கிறது. நாண்களின் ஓரம் மிக மெல்லியது. அது வீங்கினால் குரல் கரகரக்கும்.

இந்த இரண்டுக்கும் கொஞ்சம் மேலே இன்னொரு சோடி மடிப்பு இருக்கிறது. அதைப் பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது மூச்சை அடக்கி 'ம்க்' என்று முக்குகிறோமே, அப்போது மூடிக்கொள்வதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. விழுங்கும்போதும் இருமும்போதும் இவை வேலை செய்கின்றன. பேச்சில் இவை ஒதுங்கித்தான் இருக்கும்.

கிரவுலில் இந்த மேல்மடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கி அதிர்கின்றன. அவற்றோடு குரல்வளையின் பின்பக்கக் குருத்தெலும்புகளும், சிலருக்குக் குரல்வளை மூடியும் சேர்ந்து ஆடும். கரடுமுரடான ஓசை பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது. மெய்யான நாண்களை இறுக்கி நசுக்க வேண்டிய அவசியம் இல்லை. லோர்னா ஷோர் குழுவின் பாடகர் வில் ராமோஸ் மூக்கு வழியே கமரா விட்டுக்கொண்டு பாடிக் காட்டிய காணொளி இணையத்தில் இருக்கிறது. உள்ளே இவ்வளவும் ஆடுமா என்று முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைப் பிரட்டும். ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இது மெட்டல்காரர் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. மத்திய ஆசியாவின் துவா மக்கள் பாடும் கார்கிரா என்ற தொண்டைப் பாட்டில் பொய் நாண்கள் மெய் நாண்களின் பாதி வேகத்தில் அதிர்ந்து, ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைக் கேட்க வைக்கின்றன. இத்தாலியின் சார்டினியா தீவில் நான்கு பேர் சேர்ந்து பாடும் 'கந்து அ தெனோரே'யின் அடிக்குரலும் இதே வகை. ஆடு மேய்க்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியது.

ஃப்ரை, ஃபால்ஸ் கார்ட் என்கிறார்களே, நான் எதைப் பழகுவது?

காலையில் எழும்பி முதல் வார்த்தை பேசும்போது 'ஆஆ' என்று உடைந்து உடைந்து ஒரு கரகரப்பு வருமே, அதுதான் ஃப்ரை. அதில் மெய் நாண்கள் தளர்ந்து மிக மெதுவாக அதிர்கின்றன. அதன் மேல் மூச்சின் அழுத்தத்தையும் கொஞ்சம் சுருக்கத்தையும் பக்குவமாகக் கூட்டினால் கூர்மையான, உயரமான ஸ்க்ரீம் வரும். ஃபால்ஸ் கார்ட் என்பது மேலே சொன்ன பொய் நாண் வழி. பெருமூச்சு விடும்போது தொண்டையை லேசாகச் சுருக்கினால் வரும் கனமான உறுமல். காற்று அதிகம் செலவாகும், சத்தம் பருத்திருக்கும்.

தொடங்குகிறவருக்கு நான் ஃபால்ஸ் கார்ட்டைத்தான் சொல்வேன். ஃப்ரை மெல்லிய வேலை. பழக்கமில்லாதவர் அதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு நாண்களை நசுக்கிக் கத்திவிடுவது மிகச் சுலபம். இதில் கருத்து வேறுபாடு உண்டு, ஃப்ரைதான் முதலில் என்று கற்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தொண்டைக்கு எது வலியில்லாமல் வருகிறதோ அதில் தொடங்குங்கள்.

சரி, முதல் நாள் என்ன செய்வது?

முதல் பத்து நிமிடம் உறுமலே வேண்டாம். வாயை மூடி 'ம்ம்' என்று மெதுவாக முனகுங்கள். பிறகு உதடுகளைச் சேர்த்து 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டு, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்கிக்கொண்டு போங்கள். கடையில் வாங்கிய ஜூஸ் குழாய் இருந்தால் அதற்குள் 'ஊஊ' என்று பாடுங்கள். குழாயின் மறுமுனையை அரைக் கோப்பை தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டால் இன்னும் நல்லது. வாய்ப்பக்கம் ஒடுங்கியிருக்கும்போது காற்றின் எதிரழுத்தம் நாண்களை மெதுவாக விலக்கிப் பிடிக்கிறது, மோதல் குறைகிறது. குரல் சிகிச்சையிலேயே இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறார்கள்.

இனி உறுமல். களைத்துப்போய்க் கதிரையில் சாயும்போது விடுவதுபோல 'ஹாஆ' என்று ஒரு பெருமூச்சு விடுங்கள். குரல் வேண்டாம், காற்று மட்டும். இரண்டாவது பெருமூச்சில், முக்கும்போது தொண்டையில் ஏற்படும் அந்த நெருக்கத்தைப் பாதியளவு சேருங்கள். உள்ளே ஏதோ படபடவென்று அடிக்கும். அழகாக இருக்காது, அடைத்த குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம்தான் வரும். வந்தது அதுதான் என்றால் சந்தோஷப்படுங்கள். அதை மூன்று நான்கு செக்கன் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். வாயைச் சாதாரணமாகத் திறந்து உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெயர் தெளிவாக வந்தால் திரும்பச் செய்யலாம். கரகரத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முதல் மாதங்களில் உண்மையான உறுமல் நேரம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் இடைவெளி விட்டு விட்டு. கிழமையில் மூன்று நான்கு நாள் போதும். முடிக்கும்போது திரும்பவும் 'ப்ர்ர்ர்', 'ம்ம்' இரண்டையும் ஐந்து நிமிடம் செய்து குரலைத் தணியவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியை எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

வயிற்றிலிருந்து பாடு என்கிறார்கள். வயிற்றில் என்ன இருக்கிறது?

வயிற்றில் ஒன்றும் இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் படித்த பிரிமென்றகடு நினைவிருக்கிறதா? அது கீழே இறங்கும்போது நுரையீரல் நிறைகிறது, வயிறு முன்னே தள்ளுகிறது. தோள் உயர்ந்தால் நீங்கள் மேல்நெஞ்சால் மூச்சு எடுக்கிறீர்கள்; கழுத்துத் தசை இறுகும், அந்த இறுக்கம் நேரே தொண்டைக்குப் போகும். நிலத்தில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு கொப்பியை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சு எடுங்கள். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் காற்றை விடுங்கள். இருபது செக்கன் ஆடாமல் அசையாமல் விட வந்தால் ஒரு வரி கிரவுலுக்குப் போதுமான கட்டுப்பாடு வந்துவிட்டது.

நெஞ்சு வெடிக்க மூச்சை நிரப்பாதீர்கள். அளவுக்கு மிஞ்சி நிரப்பினால் அது தானாக வெளியே பாயப் பார்க்கும், அதைத் தடுக்கத் தொண்டைதான் இறுகும்.

எவ்வளவு சத்தமாகச் செய்ய வேண்டும்?

பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கும் அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

இதை நம்ப வைப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். இசைத்தட்டில் மலையே இடிவதுபோலக் கேட்கிறது, அதனால் பாடியவரும் மலையை இடிக்கும் பலத்தோடு பாடியிருப்பார் என்று நினைக்கிறோம். பாடியவர் மைக்கில் உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு நடுத்தரச் சத்தத்தில் உறுமியிருப்பார். மைக், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெசர், எதிரொலி எல்லாம் சேர்ந்துதான் அதை மலையாக்குகின்றன. கரகரப்பு என்பது ஓசையின் தன்மை. சத்தத்தின் அளவு வேறு விஷயம். மெதுவாகச் செய்ய முடியாத ஓர் உறுமலை நீங்கள் பலத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சுற்றிவரச் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று கதைத்துப் பாருங்கள், விளங்கும். தகரக் கூரை போட்ட அறையில் டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் முழங்கும்போது உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, கேட்காவிட்டால் தள்ளுவீர்கள், தள்ளினால் நாளைக்குக் குரல் இல்லை. ஆகவே ஒத்திகையில் முதலில் கேட்க வேண்டியது உங்களுக்கென்று ஒரு மொனிட்டர் ஸ்பீக்கர். அது இல்லையென்றால் கிட்டார்காரரிடம் அம்ப்ளிஃபையர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் குறைக்க மாட்டார், தெரியும். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனை மாட்டி உங்கள் குரலை அதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலித்தால் பழகப் பழகச் சரியாகிவிடுமா?

இல்லை. தொண்டை உள்ளங்கை மாதிரிக் காய்த்துப்போய்ப் பலப்படும் உறுப்பு அல்ல. குரல்நாணில் காய்ப்பு விழுந்தால் அதற்கு முடிச்சு என்று பெயர், அது நோய்.

தொடக்கத்தில் லேசான கிச்சுக்கிச்சும் ஓரிரு இருமலும் வரலாம், நிறையக் காற்று போய் உள்ளே காய்வதால். எரிவு, குத்து, விழுங்கும்போது நோ, பாடி முடித்ததும் பேச்சுக் குரல் தடித்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

வலி வராமலும் நாண் வீங்கலாம், ஏனென்றால் நாண்களின் ஓரத்தில் நோ உடனே தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: தினமும் காலையில் உங்கள் குரலின் உயரமான பகுதியில், மேல் ஸட்ஜத்துக்குக் கிட்ட, மிக மிக மெதுவாக 'ஊ' என்று ஒரு சிறு வரி பாடுங்கள். சத்தம் கூட்டக் கூடாது. வழக்கமாக வரும் சுரம் அன்றைக்கு வராமல் காற்று மட்டும் வந்தாலோ, தாமதித்துத் தொடங்கினாலோ வீக்கம் இருக்கிறது. அன்று ஓய்வு. சத்தமாகப் பாடினால் வீங்கிய நாணும் ஒருமாதிரி அதிர்ந்து உங்களை ஏமாற்றிவிடும். மெதுவாகப் பாடும்போது ஏமாற்ற முடியாது.

நான் சங்கீதம் படிக்கிறேன், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையும் வருகிறது. இரண்டையும் செய்யலாமா?

செய்யலாம். உங்களுக்கு மற்றவர்களை விட வசதியும் கூட. சுருதி சேர்க்கத் தெரியும், மூச்சை எங்கே எடுப்பது என்று தெரியும், தினமும் உட்கார்ந்து சாதகம் பண்ணும் பழக்கம் இருக்கிறது. மெட்டல் பழக வருகிற பலரிடம் இந்த மூன்றாவதுதான் இல்லை.

ஒழுங்கு முக்கியம். சங்கீதம் காலையில், உறுமல் பின்னேரத்தில். ஒரே இருப்பில் என்றால் தெளிந்த குரல் முதலில். பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் உறுமலை விட்டுவிடுங்கள். டீச்சருக்குச் சொல்வதா என்று கேட்கிறார்கள். குரலில் மாற்றம் வந்தால் முதலில் கவனிக்கப்போவது அவர்தான், அதனால் சொல்லிவிடுவது நல்லது. திட்டு விழலாம்.

தொண்டைக்கு என்ன குடிப்பது? தேன், இஞ்சி, வேர்க்கொம்பு, மல்லித்தண்ணி?

எல்லாம் குடிக்கலாம், இதமாக இருக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: விழுங்குகிற எதுவும் குரல்நாண்களில் படுவதில்லை. அவை மூச்சுப் பாதையில் இருக்கின்றன, விழுங்கும்போது அந்தப் பாதை மூடிக்கொள்ளும். நாணில் நீங்கள் குடித்தது பட்டால் அதற்குப் பெயர் புரைக்கேறுதல். ஆகவே தேன் போய் நாணைப் பூசிவிடும் என்பதெல்லாம் இல்லை. குடித்த தண்ணீர் உடம்பில் சேர்ந்து அங்கே ஈரமாக வர நேரம் எடுக்கும். மேடையில் ஏறும்போது ஒரு போத்தலைக் கவிழ்ப்பதை விடக் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவருவது மேல். சித்திரை, வைகாசி வெக்கையில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நேரே நாணைத் தொடுவது ஆவிதான். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் துவாயைப் போர்த்துக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் வெறும் ஆவி பிடியுங்கள். பாத்திரத்தை மேசையில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள், மடியில் வேண்டாம். விக்ஸ் போடத் தேவையில்லை. மென்தோல் குளிர்ச்சி கொடுத்து நோவை மறைக்கும், அவ்வளவுதான். பாடும்போது மென்தோல் இனிப்பைச் சூப்பிக்கொண்டு சமாளிப்பதும் இதே காரணத்தால் கூடாது. நிறுத்தச் சொல்லும் வலியை அது வாயடைக்கிறது. சாராயமும் அதே வேலையைத்தான் செய்யும். பீடி, சிகரெட், வேப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

புகைக்காதவர்களும் புகை குடிக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். பின்னேரம் ஆறு மணிக்கு ஒழுங்கை முழுக்கக் குப்பை எரிக்கும் மணம், அறைக்குள் நுளம்புத்திரி. அந்த நேரத்தில் அந்த அறையில் வாயைப் பிளந்து நிறையக் காற்றை உள்ளே இழுப்பதைப்போல மோசமான யோசனை வேறில்லை. பயிற்சி நேரத்தை மாற்றுங்கள்.

உறைப்புச் சாப்பாட்டை விட வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டா? உறைப்பு நாணில் படாது. பிரச்சினை வயிற்று அமிலம் மேலே ஏறுவதுதான். இரவு பத்து மணிக்கு ஒத்திகை முடித்து ஒரு முழுக் கொத்துரொட்டியை இறக்கிவிட்டு உடனே படுத்தால், அமிலம் தொண்டைவரை வந்து குரல்வளையின் பின்பக்கத்தைச் சுடும். காலையில் கரகரப்பு, தொண்டையில் எதுவோ சிக்கிய மாதிரி, செருமிக்கொண்டே இருப்பது என்றால் இதைச் சந்தேகியுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். செருமலையும் குறையுங்கள்: ஒவ்வொரு செருமலும் நாண்களை ஒன்றோடொன்று அறைவதுதான். செரும வந்தால் ஒரு மிடறு தண்ணீர்.

எங்கே பழகுவது? பக்கத்து வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

மேலே சொன்ன சத்தத்தில் பழகினால் மதிலைத் தாண்டாது. கேட்கிறதென்றால் நீங்கள் கத்துகிறீர்கள். அந்த வகையில் பக்கத்து வீட்டார் நல்ல அளவுகோல். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துப் பாடும் யோசனை வேண்டாம், உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்காது, தள்ளுவீர்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பாடுவது பரவாயில்லை. நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாடலாம், வெயிலில் வேண்டாம். சிலர் கசூரினாக் கடற்கரைக்குப் போகிறார்கள். கடற்காற்றுக்கும் அலைக்கும் எதிராகப் பாடும்போது குரல் தானாக உயரும் என்பதால் அது பழகும் இடமில்லை, குளிக்கும் இடம்.

பெண்களால் முடியுமா?

ஆர்ச் எனிமி என்ற மெட்டல் குழுவில் 2000இல் பாடகியாகச் சேர்ந்த அஞ்செலா கோசோவைக் கேளுங்கள். அவருக்குப் பிறகு அதே இடத்துக்கு வந்தவரும் பெண்தான். பொய் நாண் எல்லோருக்கும் இருக்கிறது.

எனக்கு 14 வயது, குரல் உடைகிறது.

குரல்வளை வளர்ந்துகொண்டிருக்கும் காலம். மூச்சுப் பயிற்சி, உதடு அதிர்வு, மெதுவான பாட்டு இவற்றோடு இருங்கள். உறுமலை விளையாட்டாக எப்போதாவது ஒரு நிமிடம் செய்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். குரல் ஒரு நிலைக்கு வந்த பிறகு தொடங்கினால் ஒன்றும் குறையாது.

மூச்சை உள்ளே இழுத்து உறுமினால் சுலபமாக வருகிறதே?

வரும். காய்ந்த காற்றும் தூசியும் நேரே நாணில் அடிக்கும், கட்டுப்பாடும் இருக்காது. விடுங்கள்.

தடிமன், தொண்டை நோ இருக்கும்போது?

பாடாதீர்கள். ஏற்கெனவே வீங்கிய நாண்கள். இரகசியம் பேசுவதுபோலக் குசுகுசுப்பதும் ஓய்வு இல்லை, அதிலும் பலர் குரல்வளையை இறுக்குகிறார்கள். கதைக்கத்தான் வேண்டுமென்றால் மெதுவான சாதாரணக் குரலில் கதையுங்கள். அஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவை இரத்தம் உறைவதைக் குறைக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு குரலைக் கஷ்டப்படுத்தினால் நாணில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடலாம். ஆஸ்துமா பம்ப் பாவிக்கிறவர்கள், அது ஸ்டீரொய்ட் பம்ப் என்றால், ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளியுங்கள். அதனாலும் குரல் கம்மும்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் அறுந்து போனால் அன்றே வாயை மூடிவிட்டு, தாமதிக்காமல் போங்கள். நாணில் இரத்தக்கசிவாக இருக்கலாம். துப்பலில் இரத்தம், மூச்சு எடுக்கக் கஷ்டம், விழுங்கக் கஷ்டம் என்றாலும் தாமதம் வேண்டாம். சாதாரணக் கரகரப்பு என்றால் ஓய்வு எடுத்தும் மூன்று கிழமைக்குள் போகாவிட்டால் காட்ட வேண்டும்.

யாழ் போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் செலவில்லை, காத்திருக்க நேரம் வேண்டும். மூக்கு வழியே மெல்லிய கமராவை விட்டுப் பார்ப்பார்கள். ஒருமாதிரி இருக்கும், பெரிதாக நோகாது. என்ன பாடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். 'கொஞ்சம் சத்தமாகக் கதைத்தேன் டொக்டர்' என்றால் அவருக்குக் காரணம் பிடிபடாது. முடிச்சு என்றதும் சத்திரசிகிச்சை என்று நடுங்க வேண்டியதில்லை. தொடக்க நிலை முடிச்சுகள் பல, பேச்சுச் சிகிச்சையாளரிடம் பழகி, குரல் பாவிக்கும் முறையை மாற்றினாலே கரைந்துவிடும். மருந்துக் கடையில் அந்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிப் போடுவதால் கத்திப் புண்ணான தொண்டைக்கு ஒரு பயனும் இல்லை.

மேடை நாளில்?

குரலைச் சூடாக்கிக்கொண்டு ஏறுங்கள். இரண்டு உறுமல் பாட்டுக்கு நடுவே ஒரு வாத்தியப் பகுதி வரும்படி பாட்டுப் பட்டியலை அடுக்குங்கள். மைக்கின் கம்பிவலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்கக் கெத்தாக இருக்கும். ஆனால் அப்படிப் பொத்தினால் மைக் ஒரு பக்கத்தை மட்டும் கேட்பதை விட்டு எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கர் 'கூஊ' என்று கத்தும், சவுண்ட்காரர் உங்கள் மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். உதட்டை ஒட்டிப் பிடித்தாலே போதும். கிட்ட வரும்போது இந்த வகை மைக் அடிக்குரலைத் தானாகப் பருக்க வைக்கும்.

நிகழ்ச்சியை விட அதற்குப் பிந்திய ஒரு மணித்தியாலம் ஆபத்தானது. அடுத்த குழு வாசிக்க, அந்தச் சத்தத்துக்கு மேலாக நண்பர்களோடு கத்திக் கதைப்போம். வெளியே போய்க் கதையுங்கள். காதுக்கு ஸ்பொன்ஞ் அடைப்பான் ஒரு சோடி பொக்கெற்றில் இருக்கட்டும். 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்பார்கள், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடவும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணித்தியாலம்தான், ஒரு மெட்டல் ஒத்திகை அதைச் சுலபமாகத் தொடும்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

சத்தம் ஒன்று வர சில கிழமை. அது நினைத்த நேரத்தில் வர சில மாதம். ஒரு பாட்டை முழுதாகப் பாடி மறுநாளும் தெளிவாகக் கதைக்க, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல்.

தமிழில் பாடலாமா? வார்த்தை விளங்குமா?

தாராளமாக. இலங்கையில் மெட்டல் என்றால் கொழும்பின் ஸ்டிக்மாட்டா முதல் பல குழுக்கள் ஆங்கிலத்தில் பாடியே நமக்குப் பழக்கம், அதனால் தமிழ் ஒட்டாது என்ற எண்ணம் வந்துவிட்டது. கிரவுலுக்குத் தமிழ் நன்றாகவே பொருந்தும். உறுமும்போது சுரம் மறைந்துவிடும், ஆனால் தமிழில் சொல்லின் பொருள் சுரத்தை நம்பி இல்லை. குறில் நெடிலை நம்பி இருக்கிறது. 'படு' என்பதை இழுத்தால் 'பாடு' ஆகிவிடும், 'எரி' என்பதை இழுத்தால் 'ஏரி'. ஆகவே தாளத்துக்காகக் குறிலை நீட்டாதீர்கள். நீட்ட வேண்டிய இடத்தில் நெடில் உள்ள சொல்லாக எழுதுங்கள்.

வல்லினம் உங்களுக்குத் தோழன். க, ட, த, ப எல்லாம் டிரம்ஸோடு சேர்ந்து அடிக்கும். 'வெட்டு', 'கொட்டு' மாதிரி இரட்டித்த வல்லினம் இன்னும் நல்லது, ஒற்றில் ஒரு கணம் காற்று நின்று தொண்டைக்கும் சிறு ஓய்வு கிடைக்கும். மெல்லினத்தில் வாய் அடைபடுவதால் உறுமல் திடீரென்று சுருங்கும். வரியின் கடைசிச் சொல் 'ம்' என்றோ 'ன்' என்றோ முடிந்தால் அதற்கு முந்திய உயிரில் நின்றுகொண்டு, மெல்லினத்தைக் கடைசியில் தொட்டுவிட்டு விடுங்கள். ஆழமான உறுமலுக்கு ஊ, ஓ. கூரான ஸ்க்ரீமுக்கு ஈ, ஏ.

உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில்தான் தொண்டைக்கு அடி விழும். 'அடி', 'எழு', 'உடை' என்று வரி தொடங்கினால் நாண்கள் முதலில் அறைந்து மூடிக்கொண்டு பிறகுதான் திறக்கும். அதற்கு முன்னால் கேட்டும் கேட்காததுமாக ஒரு 'ஹ' வையுங்கள்: 'ஹஅடி'. காற்று முதலில் போய்விடும், சத்தம் அதன்மேல் ஏறும். கேட்கிறவருக்கு அந்த 'ஹ' தெரியாது. புதிய வரி எழுதும்போது முதலில் சாதாரணக் குரலில் வாசித்து, எந்தெந்த இடத்தில் இந்த 'ஹ' தேவை, எங்கே மூச்சு எடுப்பது என்று கொப்பியில் பென்சிலால் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு உறுமத் தொடங்குங்கள்.